எங்கள் வாசலில் ஒரு ஆமி ஜீப்

1

எங்கள் வீட்டு வாசலில் ஆமி ஜீப் ஒன்று நின்றது என்று எழுதினால் எங்கள் கடற்கரை ஊரான வங்காலையில் இருக்கும் என் சொந்தங்கள் ஓடிப்போய்க் கதவைச் சாத்துவார்கள். பயப்படாதீர்கள். ஆமிப் பட்டாளம் வரவில்லை, ஜீப் மட்டும்தான் வந்தது. அதுவும் இங்கிலாந்து ஆமியின் பழைய ஜீப். கொண்டுவந்து நிறுத்தியவள் எங்கள் ஒரே மகள் அனிற்றா.

அவளை மனிசருக்கு டொக்டராக்கத்தான் நாங்கள் ஆசைப்பட்டோம். அவள் மாட்டுக்கும் ஆட்டுக்கும் டொக்டரானாள். சரி, அதுவும் டொக்டர்தானே என்று மனதைத் தேற்றிக்கொண்டிருந்தால், ஸ்கொட்லாந்தின் வடக்கு மலைப்பக்கம் வேலை கிடைத்திருக்கிறது, கோடை முடிந்ததும் போகிறேன் என்றாள். அங்கே பனிக்காலத்தில் பண்ணைகளுக்குப் போக எங்கள் சின்னக் கார் சரிவராதாம். மலை ஏறுகிற, சேற்றில் புதையாத வாகனம் வேண்டுமாம். அதற்காக ஏலத்தில் போய் இதை எடுத்திருக்கிறாள். இந்த நாட்டில் ஆமிக்கு வயதுபோன வாகனங்களை யாரும் ஏலத்தில் வாங்கலாம்.

வாங்கலாமே தவிர றோட்டில் ஓட்ட முடியாது. ஆமியில் இருந்தவரை அதற்கு ஆமியின் நம்பர். வெளியே வந்ததும் அந்த நம்பர் செல்லாது. பொதுசனத்துக்குரிய நம்பர் எடுக்கும்வரைக்கும் அது பேரில்லாத ஒரு இரும்பு. ஆகையால் இன்னொரு லொறியின் முதுகில் ஏற்றி வந்து, கிரீச் கிரீச் என்று இறக்கி, எங்கள் ரோசாச் செடிகளை மறைத்து நிறுத்திவிட்டுப் போனார்கள். முழுக்கப் பச்சை. ஊரில் ஆமியிடம் கண்ட அதே பச்சை. நான் யன்னல் சீலையை விலக்கிப் பார்த்தபோது என் கை தானாகவே சீலையை மூடிவிட்டது. அடி விசரி, இது இங்கிலாந்து என்று எனக்கு நானே சொல்லித் திரும்பவும் திறந்தேன்.

இவர் பேக்கரியில் காலை வேலை முடித்துச் சைக்கிளில் வந்தார். இவர் என்றால் என் புருசன் செபமாலை. தெருமுனையிலேயே சைக்கிளை விட்டு இறங்கி எதிர்ப்பக்க நடைபாதையில் நின்று பார்த்தார். வாசலுக்கு வரவில்லை. சைக்கிளை உருட்டிக்கொண்டு வீட்டைச் சுற்றி வந்து, குசினிக் கதவால் உள்ளே நுழைந்தார். எங்கள் வீட்டுக்குப் பின்கதவு ஒன்று இருப்பதற்கு அன்றுதான் உபயோகம் வந்தது. அன்றிலிருந்து அவர் முன்வாசலைப் பாவிப்பதை விட்டுவிட்டார்.

அனிற்றா என்னிடம் இரகசியமாக, அப்பாவுக்கு என்ன என்று கேட்டாள். அப்பாவுக்கு நிறம் பிடிக்கவில்லை என்று சொல்லி வைத்தேன். அவள் விடவில்லை. சாப்பாட்டு மேசையில் தன்னிடம் உள்ள தமிழ் முழுவதையும் திரட்டி அவரிடமே சொன்னாள்.

"அப்பா, முதல் ஓட்டத்துக்கு நீங்கள் ஏறவேணும். நீங்கள் ஏறாட்டி நான் அதைக் கொண்டுபோக மாட்டன்."

இவர் தலையைத் தூக்காமல் மீனை முள்ளெடுத்துக்கொண்டே பதில் சொன்னார்.

"அப்ப அது உதில நிண்டு கறள் பிடிச்சு உதிரட்டும்."

2

இந்த மனிசனுக்கு அப்படி என்ன கோபம் என்று நீங்கள் கேட்பீர்கள். வங்காலையில் பழைய ஆட்களுக்குத் தெரியும். எல்லாம் ஒரு சைக்கிளால் வந்தது.

எங்களுக்குக் கலியாணம் பேசியிருந்த காலம். கடலட்டை பிடித்து விற்ற காசில் இவர் ஒரு புதுச் சைக்கிள் எடுத்திருந்தார். டைனமோ லைற், சீற்றுக்குக் குஞ்சம் வைத்த உறை, சில்லுக் கம்பிகளுக்கு மூன்று நிறத்தில் மணி. மாப்பிள்ளையைவிட சைக்கிள் வடிவு என்று என் தங்கைச்சிமார் பகிடி பண்ணுவார்கள். பாப்பாமோட்டைப் பக்கம் கருவாடு கொண்டுபோய்க் கொடுத்து, நெல்லு வாங்கிக் கட்டிக்கொண்டு வருவது அப்போது இவருடைய வழக்கம். அப்படி வந்த ஒரு நாள் றோட்டில் ஆமி ஜீப் மறித்தது. பாஸ் கேட்டார்கள், காட்டினார். பிறகு சைக்கிளைப் பார்த்தார்கள். நெல்லு மூட்டையை அவிழ்த்து மரியாதையாகக் கீழே வைத்துவிட்டு, சைக்கிளைத் தூக்கி ஜீப்பின் பின்பக்கம் போட்டார்கள். ஏன் என்று கேட்டதற்கு ஒருவன் சிரித்த முகத்தோடு "ஹெட்ட என்ன" என்றானாம். நாளைக்கு வா என்பதற்குச் சிங்களம்.

இவர் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு வங்காலைக்கு நடந்து வந்தார். அடுத்த நாள் ஆமி காம்புக்குப் போனார். ஹெட்ட என்ன. அதற்கடுத்த நாளும் போனார். ஹெட்ட என்ன. கலியாண வேலைகளை விட்டுவிட்டுப் போய்வந்துகொண்டிருந்தார். கடைசியில் ஒரு நாள் போனபோது காம்பே இல்லை, மண்மூட்டைகள் மட்டும் கிடந்தன. எத்தனையோ பேர் எத்தனையோ பெரியதையெல்லாம் பறிகொடுத்த இடம் அது. ஒரு சைக்கிளுக்காக அழுகிறேன் என்று யாரிடம் சொல்வது? இவர் சொல்லவில்லை. ஆனால் அந்தோனியாரோடு மட்டும் கோபித்துக்கொண்டார்.

காணாமல் போன சாமானைக் கண்டுபிடித்துத் தருகிறவர் அந்தோனியார் என்பது எங்கள் கத்தோலிக்கருக்கு எல்லாம் தெரிந்ததுதான். பூட்டின் திறப்புத் தொலைந்தாலும் அவர், ஆடு தொலைந்தாலும் அவர். சைக்கிளுக்காக இவர் அவருக்கு நேர்த்தி வைத்து மன்றாடியிருக்கிறார். கிடைக்கவில்லை. அன்றைக்கு நிறுத்தியதுதான். மாதாவிடம் கேட்பார், செபஸ்தியாரிடம் கேட்பார், அந்தோனியார் சுரூபத்துக்கு முன்னால் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார். மூக்குக் கண்ணாடி காணவில்லை என்றால் நான்தான் அந்தோனியாரைக் கூப்பிட வேண்டும்.

இங்கே வந்தும் அவருக்குச் சைக்கிள்தான். ஆனால் அதை வெளியில் விடமாட்டார். பூட்டின்மேல் பூட்டுப் போட்டு, வீட்டுக்குள்ளே, சோபாவுக்கும் மாதா படத்துக்கும் நடுவில் சாத்தி வைப்பார். வருகிற விருந்தாளிகள் அதன் ஹாண்டிலில் கோட்டைத் தொங்கவிடுவார்கள். அப்பாவின் ஒரு கிறுக்குக் குணம் என்றுதான் அனிற்றா நினைத்து வளர்ந்தாள். இவர் அவளுக்கு அந்தக் கதையைச் சொன்னதில்லை. அவளுடைய தமிழ் சாப்பாடு, நித்திரை, கோயில், கடை என்பதோடு நின்றுவிட்டது. இவருடைய ஆங்கிலம் பேக்கரியோடு நின்றுவிட்டது. நடுவில் ஒரு சைக்கிள் கதையைக் கொண்டுபோக வழியில்லாமல் இருந்தது.

3

இனி அந்த நம்பர் எடுக்கிற கூத்து.

முதலில் ஜீப் எந்த ஆண்டு செய்யப்பட்டது என்று ஒரு அத்தாட்சி. பழைய ஆமி வாகனங்களை வைத்திருப்பவர்களின் சங்கம் ஒன்று அதைக் கொடுத்தது. ஆமியிலிருந்து முறையாகக் கழித்து விடப்பட்டது என்று இன்னொரு தாள். பிறேக், லைற், ரயர் எல்லாம் சரி என்று கராஜின் பரிசோதனைத் தாள். நம்பர் இல்லாத வாகனத்துக்குக் காப்புறுதி. காப்புறுதிக்காரர் நம்பரைக் கேட்கிறார், நம்பர் கொடுப்பவர்கள் காப்புறுதியைக் கேட்கிறார்கள். அனிற்றா வீட்டு மேசையில் தாள்களைப் பரப்பி வைத்துக்கொண்டு தலையைச் சொறிந்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என்னம்மா சிரிக்கிறீர்கள் என்று கோபித்தாள்.

சிரிக்காமல் என்ன செய்வது? எங்கள் ஊரில் ஒரு காலம் ஆமி எங்களைப் பதிந்தது. வீட்டில் யார் யார், வயது என்ன, இரவு யார் வந்து தங்கினார், சைக்கிள் யாருடையது, வள்ளம் எந்த நிறம், எஞ்சின் எத்தனை குதிரை. கடலுக்குப் போகப் பாஸ், கடலிலிருந்து வந்து பாஸைத் திருப்பிக் கொடுக்க வரிசை. இப்போது பாருங்கள், ஆமியின் ஜீப் பாஸ் இல்லாமல் என் ரோசாச் செடிக்குப் பக்கத்தில் பேசாமல் நிற்கிறது. நாங்கள் அதற்குப் பாஸ் எடுத்துக் கொடுக்க அலைகிறோம். இந்த நினைப்பு வந்த நாளிலிருந்து எனக்கு அந்த ஜீப்பில் ஒரு இரக்கமே வந்துவிட்டது. போகும்போதும் வரும்போதும் அதன் முன் லைற்றுகளைத் துடைத்துவிடுவேன்.

விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது. பதில் இல்லை. நம்பர் கொடுக்கிற கந்தோருக்குப் போன் எடுத்தால் பரிசீலனையில் இருக்கிறது, பொறுத்திருங்கள் என்று ஒரு இனிமையான குரல். அனிற்றா போனை வைத்ததும் இவர் குசினிக்குள்ளிருந்து ஹெட்ட என்ன என்றார். எனக்கு மட்டும்தான் விளங்கியது. அவருக்கு அதில் ஒரு சந்தோசம். நாட்கள் போகப் போக அனிற்றாவின் முகம் வாடியது. வேலை தொடங்க முன்பு நம்பர் வரவேண்டும், அதைவிட முக்கியம் அப்பா ஏறவேண்டும். இரண்டும் நடக்காவிட்டால் ரயிலில் போகிறேன் அம்மா என்றாள். ரயிலில் போகிற பிள்ளை ரயிலில்தான் வரும், அதுவும் மார்கழியில் நத்தார்ப் பெருநாளுக்கு மட்டும்தான் வரும் என்று எனக்கு உள்ளுக்குள் பயம்.

கடைசியில் பதில் வந்தது. ஆளனுப்பி வாகனத்தைப் பார்வையிட வேண்டுமாம். தாளில் உள்ள செசி என்கிற அடிச்சட்ட நம்பரும் இரும்பில் அடித்திருக்கும் செசி நம்பரும் ஒன்றுதானா என்று கண்ணால் பார்த்து உறுதிப்படுத்துவார்களாம். வருகிற நாளும் குறித்திருந்தார்கள்.

4

அந்தக் கிழமை என் தம்பி ஸ்ரனிஸ் வங்காலையிலிருந்து வீடியோவில் வந்தான். அவனுக்கு இரண்டு படகு, கரையில் ஒரு மீன் வாடி, வாய் நிறையப் பேச்சு. ஜீப்பைக் காட்டு என்றான். காட்டினேன். போனை முகத்துக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தான். பிறகு என்னை விட்டுவிட்டு, பின்னால் நின்ற அத்தானிடம் பேசினான்.

"அத்தான், உதை உந்த நிறத்தோட முதல் ஓட்டம் விடப்போறியளோ? கொண்டச்சிக்காரன்ர வள்ளத்தை வாங்கிப்போட்டு அவன்ர பெயின்ரோடயே தள்ளுவமோ நாங்கள்?"

அவன் கேட்டதில் நியாயம் இருக்கிறது. எங்கள் கரையில் யாரும் வேற்றூர்ப் படகை வாங்கினால் வாங்கின கோலத்தில் கடலில் இறக்கமாட்டார்கள். பழைய பெயின்றைச் சுரண்டி, பழைய பேரை அழித்து, எங்கள் நிறம் அடித்து, புனிதர் ஒருவரின் பேரெழுதி, பங்குச் சுவாமி வந்து தீர்த்தம் தெளித்த பிறகுதான் தள்ளுவது. முதல் ஓட்டத்துக்கு வீட்டுத் தலைவர் ஏறியிருக்க வேண்டும். அனிற்றா அப்பா ஏறவேண்டும் என்று பிடிவாதம் பிடித்ததும் அதனால்தான். சின்ன வயதில் விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது மாமாவின் படகு தள்ளியதைப் பார்த்தவள். தமிழ் மறந்தாலும் அது மறக்கவில்லை.

அடுத்த நாள் நான் வேலைக்குப் போயிருந்தேன், அனிற்றா கூட்டாளிகளைப் பார்க்கப் போயிருந்தாள். பின்னேரம் பஸ்ஸை விட்டு இறங்கித் தெருமுனையில் திரும்பினால், எங்கள் வாசலில் ஒரு வங்காலைப் படகு நிற்கிறது. சத்தியமாகச் சொல்கிறேன். அடி நீலம், நடுவில் வெள்ளைப் பட்டி, மேல் விளிம்பில் சிவப்புக் கோடு. சாரத்தைத் தூக்கிக் கட்டி, தலையில் துவாயைச் சுற்றிக்கொண்டு, இந்த மனிசன் சில்லுக்குப் பக்கத்தில் மல்லாக்கப் படுத்துக் கிடந்து இரும்புச் சட்டத்துக்கும் நீலம் அடித்துக்கொண்டிருக்கிறார். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரி தேத்தண்ணிக் கோப்பையோடு வேலிக்கு மேலால் பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஜீப்புக்குக் கிட்டவே போகாத ஆள். என்ன இது என்று கேட்டேன்.

"நான் ஏறுறனெண்டு சொல்லேல்ல," என்றார். "பிள்ளை உந்தப் பச்சைக்குள்ள இருந்து போறதைப் பாக்கேலாது. அவ்வளவுதான்."

அனிற்றா வந்து பார்த்து அவரைக் கட்டிப்பிடித்தாள். அவளுடைய வெள்ளைச் சட்டை முழுக்க நீலம். நானும் வடை சுட்டேன். யாருக்கும் ஒரு யோசனையும் வரவில்லை. படகுக்குப் பெயின்ற் அடிக்கிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒரு ஆணித்தலைகூட வெளியில் தெரியக்கூடாது. தெரிந்த இடத்தால் உப்பு ஏறும். இவரும் கடலே இல்லாத இந்த ஊரில் ஒரு ஊசி இடம் விடாமல், தடிப்பாக, இரண்டு தரம் அடித்திருந்தார்.

5

பார்வையிட வந்தவர் நடுத்தர வயதுக்காரர், மழைக்கோட்டும் சின்ன டோர்ச்சும் வைத்திருந்தார். தாளைப் பார்த்தார், ஜீப்பைப் பார்த்தார், திரும்பத் தாளைப் பார்த்தார். இதில் பச்சை என்று போட்டிருக்கிறது என்றார். அனிற்றா விளக்கம் சொன்னாள். நிறத்தைத் திருத்திக்கொள்ளலாம், அது பெரிய விசயமில்லை என்று சொல்லிவிட்டுச் செசி நம்பரைப் பார்க்கக் குனிந்தார்.

முன் சில்லுக்குப் பக்கத்தில், இரும்புச் சட்டத்தில் அடித்திருக்க வேண்டிய நம்பர் இல்லை. நீலம்தான் இருந்தது. சீற்றுக்குக் கீழே தகடு இருக்க வேண்டும் என்றார். அங்கேயும் நீலம். டோர்ச்சை அடித்து அடித்துப் பார்த்தார். நம்பர் தெரியாவிட்டால் தெரியவில்லை என்றுதான் நான் எழுத வேண்டும், அப்படி எழுதினால் விண்ணப்பம் திரும்பிப் போய்விடும் என்று மன்னிப்புக் கேட்கிற குரலில் சொன்னார். அனிற்றாவின் முகம் செத்துப்போனது. தகப்பனை ஏசியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது எனக்கு. நான் வாசற்படியில் நின்று, அந்தோனியாரே, இந்த மனிசன் உம்மோடு கோபம், நான் கோபமில்லை, அந்த நம்பரைக் காட்டிவிடும் என்று கேட்டேன்.

இவர் உள்ளே போனார். தின்னர்ப் போத்தல், பழைய சீலைத் துண்டு, என் பல் பிரஷ் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு வந்தார். பார்வையிட வந்தவர், கத்தியால் சுரண்ட வேண்டாம், கீறல் விழுந்தால் நம்பரை மாற்றியதாகச் சந்தேகப்படுவார்கள் என்றார். இவர் தலையாட்டிவிட்டு, காலையில் போட்ட வெள்ளைச் சேட்டோடு ஈர நிலத்தில் படுத்தார். தின்னரை நனைத்து நனைத்து ஒற்றினார். எனக்கு அவசரமில்லை, இருக்கிறேன் என்றார் வந்தவர். நான் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன்.

சும்மா நிற்கச் சங்கடமோ என்னவோ, அவர் குனிந்து இவரிடம், இந்த மாதிரி வாகனங்களோடு முன்பு பழக்கம் உண்டோ என்று கேட்டார். இவர் ஒற்றுவதை நிறுத்தாமல் தன் பேக்கரி ஆங்கிலத்தில், உண்டு, ஒன்று என் சைக்கிளைக் கொண்டுபோனது என்றார். அவர் விளங்காமல் பார்த்தார். இவர் சொல்லத் தொடங்கினார். ஒரு சொல், பிறகு ஒரு சொல். நெல்லு மூட்டையை இறக்கித் தந்தது, தலையில் சுமந்து நடந்தது, நாளைக்கு வா என்றது, நாளைக்குப் போனது, காம்ப் இல்லாமல் போனது. கொச்சை ஆங்கிலம்தான், ஆனால் ஒன்றும் விடுபடவில்லை. மல்லாக்கப் படுத்துக்கொண்டு இரும்பைப் பார்த்துச் சொன்னதால் சொல்ல முடிந்ததோ தெரியாது.

அனிற்றா கதவில் சாய்ந்து நின்று கேட்டாள். இத்தனை வருசம் எங்கள் வீட்டு ஹோலில் நின்ற சைக்கிளின் கதையை அவள் கேட்டது அன்றுதான், அதுவும் யாரோ ஒருவருக்குச் சொல்லும்போது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போய், வெள்ளைச் சேட்டின் பக்கத்தில் தானும் படுத்தாள். டோர்ச்சை வாங்கிப் பிடித்தாள்.

கொஞ்ச நேரத்தில் நீலத்துக்குள்ளிருந்து ஒரு எழுத்து வந்தது. பிறகு ஒரு இலக்கம். வந்தவர் முழங்காலில் இருந்து ஒவ்வொன்றாக வாசித்துத் தாளோடு ஒப்பிட்டார். எல்லாம் சரி என்று சொல்லி இவருடைய நீலம் அப்பிய கையைப் பிடித்துக் குலுக்கினார். போகும்போது, சைக்கிளுக்காக வருந்துகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். அதை இவரிடம் சொன்ன முதல் ஆள் அவர்தான்.

6

நம்பர் வந்தது. தமிழ்ப் பூசைக்கு மாதம் ஒருமுறை வருகிற சுவாமி ஜீப்பைச் சுற்றி வந்து தீர்த்தம் தெளித்தார். என்ன பேர் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார். அனிற்றா முன்னால் போய், முன் மூடியில் ஒட்டியிருந்த பேப்பரை உரித்தாள். உள்ளே வெள்ளைப் பெயின்றில், தமிழில், அந்தோனியார் என்று எழுதியிருந்தது. என் போனில் பார்த்துப் பார்த்து அவளே எழுதியது. இவருக்கும் அந்தோனியாருக்கும் உள்ள பிணக்கை நான்தான் சொல்லியிருந்தேன். இவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், காட்டிக்கொடுத்தவளே என்பதுபோல ஒரு பார்வை. பிறகு விறுவிறுவென்று வீட்டுக்குள் போய்விட்டார்.

போச்சுது என்று நினைத்தேன். அனிற்றா ஸ்ரியரிங்கைப் பிடித்துக்கொண்டு நேரே பார்த்தபடி இருந்தாள். முதல் ஓட்டம் கடற்கரைக்கு என்று சொல்லி வைத்திருந்தோம், இரண்டு மணித்தியாலப் பாதை. அதற்கடுத்த நாள் அவள் வடக்கே போகிறாள். எஞ்சினை நிறுத்தட்டோ அம்மா என்று கேட்டாள். கொஞ்சம் பொறு என்றேன்.

முன்கதவு திறந்தது. அத்தனை நாளும் பாவிக்காத அந்த முன்கதவால் இவர் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். பூட்டுகள் ஒன்றும் இல்லை. ஜீப்பின் பின்பக்கத்தைத் திறந்து, சைக்கிளைத் தூக்கி உள்ளே வைத்தார். பிறகு தானும் ஏறி, அதன் ஹாண்டிலைப் பிடித்துக்கொண்டு பக்கப்பலகையில் இருந்தார். முன்னால் வந்து இருங்கோவன் என்றேன்.

"அண்டைக்கு அது தனியப் போனது," என்றார். "இண்டைக்கு நானும் போறன்."

அனிற்றா திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணாடியில் அவரைப் பார்த்தாள், கியரைப் போட்டாள். பொது றோட்டில், பொதுசன நம்பரோடு, எங்கள் நீலப் படகு போனது. சந்திகளில் பிள்ளைகள் கை காட்டினார்கள். இவர் பதிலுக்குக் கை காட்டுவதை நான் இரண்டு தரம் கண்டேன், கேட்டால் இல்லையென்பார்.

கடற்கரையில் நிறுத்தியதும் அனிற்றா ஓடிப்போய்ச் சைக்கிளில் கை வைத்தாள்.

"விடு பிள்ளை. நான் இறக்குறன்."

மெதுவாக இறக்கினார். இரண்டு சில்லும் நிலத்தில் பட்டதும் கையை எடுக்காமல் கொஞ்ச நேரம் நின்றார். அந்தக் கடல் சாம்பல் நிறம், எங்கள் கடல் மாதிரி இல்லை. குளிர் காற்று. மணியை ஒருமுறை அடித்துப் பார்த்தார். பிறகு அனிற்றா நிற்கிறாளே என்றுகூடப் பார்க்காமல், கண்ணில் தண்ணியோடு என் பக்கம் திரும்பினார்.

"இஞ்சாரும், வாற ஞாயிறு அந்தோனியாருக்கு ஒரு மெழுகுதிரி கொளுத்தவேணும். ஞாபகப்படுத்தும்."